கீழே வைக்க எடுத்த கொடுவாள்

அனுப்புநர்:
பெருமாயி, க/பெ குழந்தைசாமி,
தேவனூர் நாடு, கொல்லிமலை,
நாமக்கல் தாலுகா, சேலம் ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு ஜில்லா போலீஸ் சூப்பிரண்டு அவர்கள்,
சேலம்.

பொருள்: போலீஸ் ஏட்டைக் கொடுவாள் காட்டி மிரட்டியதாக என் கணவர் மீது போடப்பட்டுள்ள வழக்கை மறுபடி விசாரிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மலையில் சாமையும் மரவள்ளியும் பயிர் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, நாமக்கல்லில் மனு எழுதும் அண்ணாமலை என்பவர் எழுதுகிறார். ‘கருணை காட்ட வேண்டும்’ என்று தொடங்கலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தப்புச் செய்தவர்கள்தான் கருணை கேட்க வேண்டும்.

2. சென்ற 27-6-1961 செவ்வாய்க்கிழமை காலை, அடிவாரத்து ஸ்டேஷனிலிருந்து ஓர் ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் கள்ளச் சாராயம் தேடி எங்கள் ஊருக்கு வந்தார்கள். மலையேறிக் களைத்து வந்தவர்களாயிற்றே என்று என் கணவர் பலாப்பழம் அறுத்துக் கொடுத்தார். இடுப்பில் இருந்த கொடுவாளால்தான் அறுத்தார். ஏட்டு வயிறாரச் சாப்பிட்டார். அப்போது அது அவருக்கு ஆயுதமாகத் தெரியவில்லை.

3. கை கழுவியதும், சாராயம் காய்ச்சுவது யார் என்று ஏட்டு கேட்டார். என் கணவர் தெரியாது என்றார். “சத்தியமாச் சொல்லுடா” என்று ஏட்டு அதட்டினார். எங்கள் ஊரில் பெரியவர்கள் முன்னால் சத்தியம் சொல்கிறவன் இடுப்பில் இரும்போடு நிற்கக் கூடாது. கொடுவாளை எடுத்து, கேட்கிறவர் காலடியில் வைத்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். ஊர்க் கவுண்டர் கூட்டத்திலும் இதுதான் வழக்கம். அன்று என் கணவர் ஏட்டையும் ஒரு பெரியவராக மதித்துவிட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

4. கொடுவாளை உருவி, அதை ஏட்டின் காலடியில் வைக்க ஓர் அடி முன்னால் வந்து குனிந்தார். ஏட்டு அலறிக்கொண்டு பின்னால் தாவி, மரவள்ளிக் காட்டில் மல்லாந்து விழுந்தார். தொப்பி சேற்றில் உருண்டது. பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் நான்தான். அதை மறைக்க மாட்டேன். என் சிரிப்புக்காகத்தான் என் கணவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை.

5. கை இரண்டையும் விலங்கிட்டு மலைப் பாதையில் இறக்கினார்கள். கல்லையும் வேரையும் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டிய பாதை அது. இரண்டு இடத்தில் விழுந்து அவருக்கு முழங்கால் பெயர்ந்துவிட்டது. ஏட்டுக்குச் சட்டையில் சேறுதான்.

6. கொடுவாளைத் தலைக்கு மேல் ஓங்கி, வெட்டிவிடுவேன் என்று மிரட்டியதாக 353, 506 செக்ஷன்களில் வழக்கு எழுதியிருக்கிறார்கள். குனிந்துகொண்டு வெட்ட வருகிற ஆளை ஐயா அவர்கள் எங்காவது பார்த்ததுண்டா? நேரில் பார்த்த சாட்சி என்று எழுதப்பட்ட கான்ஸ்டபிள் அந்நேரம் ஊற்றடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஏட்டின் அலறலைக் கேட்ட பிறகுதான் ஓடி வந்தார்.

7. கடமை செய்யும் போலீஸாரை ஆயுதம் காட்டி மிரட்டினால் தண்டனை உண்டு என்று அண்ணாமலை விளக்கினார். அந்தச் சட்டம் வேண்டியதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் மலையில் கொடுவாள் இல்லாமல் ஆண்கள் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. அது ஆயுதம் என்றால் ஊரையே பிடித்து அடைக்க வேண்டியதுதான். விழுந்த வெட்கத்தைத் துடைத்துக்கொள்வதற்கு ஒருவர் அந்தச் சட்டத்தை எடுத்திருக்கிறார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

8. ஸ்டேஷனில் என் கணவரிடம், கொடுவாளை எடுத்தாயா என்று கேட்டார்களாம். “ஆமாங்க, எடுத்தேனுங்க” என்றிருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதி, கைநாட்டும் வாங்கிவிட்டார்கள். வருகிற 24-ம் தேதி கோர்ட்டிலும் அதையே கேட்பார்கள். அவரும் அதையே சொல்வார். பெரியவர்கள் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவது எங்களவர்களுக்கு மரியாதைக் குறைவு. சப்-ஜெயிலில் அவரைப் பார்த்தபோது, எதற்காக எடுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள் என்று அழுதேன். “கேக்காம எப்படிப் புள்ளே சொல்றது? கேட்டாச் சொல்றேன்” என்கிறார்.

ஆகையால், 24-ம் தேதிக்குள் நேர்மையான அதிகாரி ஒருவரை மலைக்கு அனுப்பி விசாரிக்கும்படி கேட்கிறேன். அன்று களை எடுத்த பொன்னாயியும் ருக்குமணியும் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள். ஆளனுப்ப நேரமில்லை என்றால், ‘எதற்காக எடுத்தாய்?’ என்று கோர்ட்டில் யாராவது ஒருவர் என் கணவரிடம் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். மூன்று வாரமாக அவரிடம் அதை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இடம்: நாமக்கல்
நாள்: 18-7-1961

இப்படிக்கு,
பெருமாயி (இடது கைப் பெருவிரல் ரேகை)

அவர் சொன்னபடி எழுதி, வாசித்துக் காட்டியவர்:
அண்ணாமலை