கரண்டி யார் கையில்

மார்ச் 3
கோழிப்பண்ணையில் இன்று முட்டை அதிகம். ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்து விரிசல் பார்த்தே கண் பூத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் மகள் பக்கத்தில் வரவே இல்லை. கொடியில் துணி எடுக்கிற சாக்கில் நானே போய் உரசிக்கொண்டு நின்றேன். புதினா மிட்டாய் வாசனை, அதற்கு அடியில் சிகரெட். பதினேழு வயது. கேட்கவில்லை. கேட்டால் இவர் காதில் விழும்.

மார்ச் 5
விழுந்தேவிட்டது. இவருடைய பட்டறைக்கு டிராக்டர் ரிப்பேருக்கு வந்த ஒருவன் பற்றவைத்துவிட்டுப் போயிருக்கிறான். மூடிக்கிடக்கும் செங்கல் சூளையில் பைக் பையன்களோடு நம் பெண்ணும் இருந்தாளாம், கையில் பாட்டிலாம். இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இன்னொரு தடவை காதுல விழட்டும். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடறேன், அவ துணிக்கடையில நிக்கட்டும்."

சொன்னால் செய்கிற ஆள். அடுத்த மாதம் பரீட்சை.

மார்ச் 6
நானேதான் கெடுத்தேன்.

அவளுக்குப் பதினொரு வயதானபோது பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து சாயங்கால வகுப்பு நடத்தினார்கள். ஏழு வாரம். வீட்டில் சண்டை வந்தால் எப்படிப் பேசுவது, கூட்டாளிகள் தப்புக்கு இழுத்தால் எப்படி மறுப்பது, இதெல்லாம். வீட்டிலிருந்து ஏதாவது ஒரு சாமான் கொண்டுவரச் சொன்னார்கள். நான் மரக்கரண்டியைக் கொண்டுபோனேன். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. பேச நினைக்கிறவர்தான் எடுக்க வேண்டும், யார் கையிலும் திணிக்கக்கூடாது. கொஞ்ச நாள் வீட்டிலும் செய்தோம். அப்புறம் அது வெறும் கரண்டியாகிவிட்டது.

இன்று அதை ஆணியிலிருந்து உருவி அவள் கையில் திணித்தேன். "சொல்லு. சூளையில என்ன பண்ண? யார் யார் இருந்தாங்க?"

அவள் அதை மேசைமேல் வைத்தாள். "இது போலீஸ் லத்தி இல்லம்மா."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 8
இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்? அந்த வகுப்புக்கு வந்த குடும்பங்களையெல்லாம் மறுபடி பார்க்கிறார்களாம். ஆறு வருஷம் கழித்துப் பிள்ளைகள் குடிக்கிறார்களா, அடிதடிக்குப் போகிறார்களா என்று தெரிய வேண்டுமாம். ஒரு பெண் வந்து மகளைத் தனியறையில் வைத்துக் கேட்டாள். நான் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சொன்னா?" என்றேன்.

"அது அவங்க என்கிட்ட சொன்னதுங்க. நான் சொல்லக்கூடாது." பிறகு என்னைக் கேட்டாள்: "வகுப்பால ஏதாவது பிரயோஜனம் இருந்துச்சா?"

"வீட்டுக் கரண்டி பத்திரமா திரும்பி வந்துச்சு" என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். எழுதிக்கொண்டாள்.

மார்ச் 9
மூன்று நாளாக என்னிடம் பேச்சே இல்லை. தட்டைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் மட்டும்.

மார்ச் 11
எல்லாரும் படுத்த பிறகு எழுதுகிறேன்.

சாயங்காலம் பட்டறைக்குச் செய்தி வந்தது. சூளையிலிருந்து கிளம்பிய பைக் வாய்க்காலில் பாய்ந்துவிட்டது, ஓட்டியவன் நல்ல போதையாம், பின்னால் ஒரு பெண் இருந்தாளாம். இவர் கிரீஸ் கையோடு ஓடிவந்தார். மகள் வீட்டில் இல்லை. போன் எடுக்கவில்லை. நான் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருந்தேன். இவர் வண்டிச் சாவியைத் தேடுகிறார் — எதிரே ஆணியில் தொங்குகிறது, கண்ணில் படவில்லை.

அப்போது வாசலில் அவள். முழங்கால் வரை புழுதி. வார் அறுந்த செருப்பு கையில்.

இவர் கை ஓங்கிவிட்டது. அவள் விலகி அடுக்களைக்குப் போய்க் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "நான் முடிக்கிற வரைக்கும் யாரும் பேசக்கூடாது."

ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இவரும் உட்கார்ந்தார்.

இரண்டு தடவை குடித்திருக்கிறாள். சிகரெட் அதற்கும் முன்னாலேயே. இன்றும் சூளைக்குப் போயிருக்கிறாள். "அங்க ஒருத்தன், பைக்ல ஏறு, ஒண்ணும் ஆகாதுன்னான். அப்ப அப்பா குரல்தான் ஞாபகம் வந்துச்சு."

வகுப்பில் இவருக்குக் கெட்ட கூட்டாளி வேஷம். "வா, வா, ஒண்ணும் ஆகாது" என்று கீச்சுக்குரலில் இழுப்பார். அவள் மறுத்துவிட்டு, "நீயும் வா, நடந்தே போயிடலாம்" என்று கூப்பிட வேண்டும். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதிலிருந்து வகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

"அதே மாதிரி இருந்துச்சுப்பா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் நடந்தே போறேன்னேன். கூட இருந்த பொண்ணையும் கூப்பிட்டேன். அவ ஏறிட்டா." அழ ஆரம்பித்தாள். "வர்ற வழியில வாய்க்கால்ல கிடந்தாங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவ பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

பிறகு கரண்டியை அப்பாவிடம் நீட்டினாள். இவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்கா வீடு, துணிக்கடை, இப்போது வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"கால் வலிக்குதா?" என்றார்.

மார்ச் 12
அந்தப் பெண்ணுக்குக் கை எலும்பு முறிவு. அவனுக்கு இடுப்பில் அடி, எழுந்து நடக்க மாதக்கணக்காகுமாம். இவரே மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

வகுப்பால் பிரயோஜனம் உண்டா? இப்போது கேட்டாலும் என்ன சொல்வேன்? குடிக்கவும் குடித்தாள், நடந்தும் வந்தாள்.

ஏப்ரல் 2
சாப்பிட உட்கார்ந்தவர், "அந்தக் கரண்டி எங்க?" என்றார். கழுவிக் கொடுத்தேன்.

"அக்காவுக்கு போன் பண்ணிட்டேன். கடைக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டேன். நாளைக்குப் பரீட்சைக்கு நானே வண்டியில கொண்டு விடறேன்."

"நான் நடந்தே போயிடுவேன்ப்பா."

"கரண்டி என் கையில இருக்கு" என்றார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.