மேட்டுக்கு ஏறிய வீடு

1833 மார்ச் 9, சனி

சோப்பு காய்ச்சினேன். சாம்பல் நீர் தெறித்து இடது கையில் இரண்டு கொப்புளம். ஊதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் ஆரின், வண்டி அச்சுக்குக் கொழுப்பு தடவிக்கொண்டிருக்கிறார். புரிந்துவிட்டது எனக்கு. கல்யாணமாகி ஒன்பது வருஷம், ஓஹையோவில் ஒன்று, இண்டியானாவில் இரண்டு, இங்கே இல்லினாயில் ஒன்று என்று நாலு வீடு. ஒவ்வொரு தடவையும் முதலில் அச்சுக்குக் கொழுப்பு, அப்புறம் மேற்கே மண் நல்ல மண்ணாமே என்று பேச்சு.

இந்த முறை நான் முந்திக்கொண்டேன். “நான் வரலை.”

“இங்க என்ன இருக்கு ஹல்டா? சோளம் அரைச்சுட்டு வர ரெண்டு நாள் ஆகுது. ரோடு வந்தா இருப்போம். வரலேன்னா அறுப்பு முடிஞ்சதும் கிளம்பிடுவோம்.”

ரோடாவது, வருவதாவது. சட்டசபைக்கு மனு போட்டு ஒரு வருஷம் ஆகிறது.

மார்ச் 16

ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கெசையா அக்கா குதிரையில் வந்து இறங்கினாள். இடுப்பு வரை சேறு.

“அடியே, நீ சட்டத்துல இருக்கே.”

“நான் என்னக்கா தப்பு பண்ணேன்?”

தப்பில்லை. ரோடு. சட்டசபை நிறைவேற்றிவிட்டது. பத்திரிகைத் தாளை அவள் விரிக்க, நானே படித்தேன்: ஆற்றுத்துறையிலிருந்து, ஆரின் ஸ்டானர்டின் வீட்டின் வழியாக, மாவட்டத் தலைநகர் வரை பொதுச்சாலை. எங்கள் வீடு. கூரை ஒழுகுகிற இந்த வீடு. போன இலையுதிர்காலத்தில் சட்டசபை உறுப்பினர் டன்லப் இங்கே ஒரு வேளை சாப்பிட்டார், அணில் குழம்பு மூன்று தட்டு. வழியில் அவருக்குத் தெரிந்த ஒரே வீடு இதுதான் போலிருக்கிறது. நானும் அக்காவும் கைகோத்துக்கொண்டு வாசலில் ஆடினோம். கோழிகள் சிதறி ஓடின. பசுவிடமும் போய்ச் சொன்னேன். எனக்குப் பித்துத்தான்.

ஏப்ரல் 25

சாலைக்கு வழி பார்க்கக் கோர்ட் அனுப்பிய மூன்று பேர் வந்தார்கள். தலைவர் லெமுவேல் ஹாட்ச், கோடாலியையும் காகிதத்தையும் கையை விட்டு இறக்காத மனிதர். எங்கள் வாசலிலிருந்து கிழக்கே நடந்தார்கள். நாற்பதாவது அடியில் ஹாட்ச் ஐயா முழங்கால் வரை புதைந்தார். ஒரு பூட்ஸ் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

நான் சுட்டு வைத்த ஆப்பிள் பலகாரத்தை மொத்தமாகத் தின்றுவிட்டுச் சொல்கிறார்: “சட்டம் உங்க வீட்டு வழியா போகச் சொல்லுது. அதே சட்டம் நல்ல தரையில போடச் சொல்லுது. நல்ல தரை வடக்கே மேட்டுல, அரை மைல் தள்ளி. ரெண்டும் ஒண்ணா நடக்காதும்மா. ஜூன் முதல் திங்கள் கோர்ட்ல முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுவோம்.”

தின்ற பலகாரத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

ஏப்ரல் 26

ஆரின் வண்டிக்குப் புதுக் கூடாரத்துணி அளக்கிறார்.

மே 2

துணி அலசிக்கொண்டிருந்தபோது தோன்றியது. துணியை அப்படியே ஓடைக்கரையில் போட்டுவிட்டு ஹாட்ச் ஐயா வீட்டுக்கு நடந்தேன், நாலு மைல். போகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன்.

“ஐயா, வீடு எங்க இருக்கணும்னு சட்டத்துல போட்டிருக்கா?”

மூன்று தடவை படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். “போடலையேம்மா.”

திரும்பி வந்து ஆரினிடம், “வீடு மாத்தலாமா?” என்றேன். மனிதருக்கு முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா.

“நிஜமாவா? மேற்கே மிசூரிக்கா?”

“வடக்கே. அரை மைல்.”

மே 20

கூரை இறங்கியது. சுவரைப் பிரித்து, கெசையா அக்கா ஒவ்வொரு சுவர் மரத்திலும் கரியால் எண் போட்டாள். மேட்டுக்கு இழுக்க ஒன்பது வீட்டுக்காரர்கள், பதினான்கு எருதுகள்.

மே 21

மழை. மேட்டில் கூரை இன்னும் ஏறவில்லை. படுக்கை, மேசை, நான் எல்லாம் வானத்தின் கீழே. மழையில் கரி எண் பாதி அழிந்துவிட்டது. தெற்குச் சுவர் வடக்கே நிற்கிறது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் மரம், மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. “ஓட்டையை ஜன்னல்னு சொல்லிடு, யார் கேக்கப் போறா?” என்கிறாள் அக்கா. சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. ஆரின்தான் எல்லோரையும் விட உற்சாகம், விசில் வேறு. இடம் மாறுவதென்றால் அரை மைலும் அவருக்கு இனிக்கிறது.

ஜூன் 3, திங்கள்

மேட்டு வழியை ஏற்றுக்கொண்டது கோர்ட். நான் பின்வரிசையில் நின்று கேட்டேன். ஹாட்ச் ஐயா முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல் சொன்னார்: “நாங்க வழி குறிச்ச அன்னைக்கு வீடு மேட்டுலதான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுன்னு எங்களை யாரும் பாக்கச் சொல்லலை.”

நீதிபதி நெடுநேரம் இருமினார்.

ஜூலை 18

ஆளுக்கு ஐந்து நாள் சாலை வேலை, அதுவும் சட்டம். மரங்கள் விழுகின்றன. மேட்டில் தண்ணீர் மட்டும் இல்லை. பழைய ஊற்றுக்குத் தினம் ஆறு நடை. தோள் போய்விட்டது. பரவாயில்லை, பரவாயில்லை.

ஆகஸ்ட் 29

பரவாயில்லை என்று எழுதினேனே, முட்டாள் நான்.

சாலை திறந்து பத்து நாளில் இருபத்திரண்டு வண்டி. ஒன்றாவது கிழக்கே போனதா? எல்லாம் மேற்கே. மிசிசிப்பிக்கு அந்தப் பக்கம் ஜூனிலிருந்து நிலம் திறந்துவிட்டார்களாம். ஒவ்வொரு வண்டியையும் ஆரின் வேலிமேல் சாய்ந்து நிறுத்துகிறார், என்ன மண்ணு, எத்தனை நாள் பயணம், எல்லாம் கேட்கிறார். மனுஷனைப் பிடிச்சு வைக்க ரோடு கேட்டேன். ரோடு வந்து தினமும் அவரை ‘வா, வா’ன்னு கூப்பிடுது. இதை யாருகிட்டப் போய்ச் சொல்றது?

செப்டம்பர் 11

வீட்டுக்குப் பின்னால் ஆரின் குழி தோண்டுகிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டு, நான் நினைப்பது இல்லாமல் வேறு ஏதாவது பதில் வந்துவிட்டால்?

செப்டம்பர் 14

கிணறுதான். நாலு வீட்டில் ஒன்றில்கூட அவர் கிணறு வெட்டியதில்லை. பன்னிரண்டு அடி. களிமண்.

அக்டோபர் 5, சனி

முப்பத்தோரு அடி. நான் மேலே ராட்டினத்தைச் சுற்றி மண் வாளியை இழுத்துக்கொண்டிருந்தேன். கென்டக்கிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். வாய் ஓயவில்லை. கறுப்பு மண்ணாம், ஒரு மரம் வெட்ட வேண்டாமாம், ஏர் வைத்தால் போதுமாம். சத்தமாக வேறு பேசித் தொலைக்கிறான். கீழே கேட்டுவிடக் கூடாதே என்று நான் வேண்டுமென்றே இருமினேன்.

கீழே மண்வெட்டிச் சத்தம் நின்றது. 

“யாரு ஹல்டா அது?”

“மேற்கே போறவராம்,” என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

வாளி பாதியில் தொங்கியது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து அவர் குரல்:

“அவர்கிட்ட உபரியா கயிறு இருக்கான்னு கேளு. இன்னும் இருபது அடி வேணும்.”

இருந்தது. இரண்டு ரொட்டிக்கு வாங்கிக்கொண்டேன்.