கல்லடி நெல்லாலையின் ஆறாவது கதிரை

பெப்ரவரி 9, 1937

ஆலையிலிருந்து வந்து எங்கள் பிரம்புக் கதிரையை மறுபடியும் இரவல் கொண்டுபோனார்கள். கல்லடி நெல்லாலைக் கம்பனியின் கூட்ட அறையில் ஆலையை நடத்தும் ஐந்து பணிப்பாளருக்கு ஐந்து கதிரைதான். ஆறாவதாக யாரும் வந்தால் என் வீட்டுக் கதிரை போகும், பொழுதுபடத் திரும்பி வரும். என் புருஷன், இவர், அந்தக் கம்பனிக்குச் செயலாளர். அதனால் கதிரையும் கம்பனிச் சொத்துப்போல ஆகிவிட்டது.

இன்றைய ஆறாவது ஆள் கொழும்புக்காரர். ஏழெட்டு ஊரில் ஆலை வைத்திருக்கும் பெரிய கம்பனி ஒன்றின் ஏஜண்டர். கோட்டு வேறு, இந்த வெயிலில்! என்ன பேசினார்கள் என்று இவரிடம் கேட்டேன்.

"சொன்னா உனக்கு விளங்காது பூரணி."

பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்தவளுக்கு விளங்காதாம். இருக்கட்டும். வயிறு நிறைந்தால் இவருக்கு வாய் தானாகத் திறக்கும்.

பெப்ரவரி 10

திறந்தது! எங்கள் ஆலையை முழுதாக வாங்கப் பார்க்கிறார்கள். போட்ட காசுக்கு இரண்டு மடங்கு கொடுப்பார்களாம். மார்ச் பொதுக்கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு சம்மதித்தால் விற்றதுதான். அதன் பிறகு இவர்தான் மனேஜராம், இப்போதையதைவிடப் பெரிய சம்பளம். சொல்லும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம். எனக்கும் கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல?

ஆனால் உறுத்துகிறது. அறுவடை நேரம் எஞ்சின் நின்றால் நெல்மூட்டை வாவிக்கரை வரைக்கும் காத்துக் கிடக்கிற ஆலை இது. இரண்டாவது எஞ்சின் வாங்க வேண்டும் என்று வருஷா வருஷம் பேசுவார்கள். லாபம் கைக்கு வந்ததும் எஞ்சினை மறந்து கடைசிச் சதம் வரை பிரித்துக்கொள்வார்கள். பணிப்பாளர் சபை என்றால் இதுதான். இப்படி ஓர் ஆலைக்கு எதற்கு இரட்டை விலை?

பெப்ரவரி 14

ஏஜண்டர் பங்குக்காரர் வீட்டு ஆண்களுக்கெல்லாம் விருந்து வைத்தார். காத்தான்குடிப் பண்டாரி கையால் புரியாணி. சாப்பிட்டு முடிந்ததும் ஒரு கடதாசி நீட்டினாராம்: 'பொதுக்கூட்டத்தில் விற்பதற்குச் சம்மதிப்பேன்.' எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"நீங்களும் வச்சீங்களா?"

"ஓம். வைக்காம?"

"அந்தப் பங்கு என்ட சீதனமெல்லோ?"

சிரித்தார். "ஆர் வச்சா என்ன? எல்லாம் ஒண்டுதானே."

ஒண்டா? கம்பனி தொடங்கியபோது அப்பா, வீடு வளவோடு அந்தப் பங்கையும் என் பேரில் எழுதினார். இந்தப் பக்கம் நிலைத்து நிற்கிற சொத்து பெண்ணுக்குத்தானே. அப்படியென்றால் — கம்பனித் தலைவர் மீராசாஹிப் முதலாளியின் பங்கு? அவருடைய மனைவி நபீஸா பேரில். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பங்கு? ஆச்சிப்பிள்ளை அக்கா பேரில். அவ்வளவு ஏன், எந்தப் பங்குதான் ஆண் பேரில் இருக்கிறது? ஒன்றிரண்டு தேறும்! இவ்வளவு காலமும் கூட்டத்துக்குப் போய்க் கை உயர்த்தி வந்ததில், உடையவர் தாங்களே என்று நினைத்துவிட்டார்கள். மறைத்த விஷயமும் இல்லை. ஊருக்கே தெரிந்தது. தெரிந்துகொண்டே மறந்திருக்கிறார்கள்.

பெப்ரவரி 15

நாங்கதான்! பாதிக்கு மேல் பங்கு பெண்கள் நாங்கதான்! அரிசியில் கல் பொறுக்கினபடியே பேர் பேராக எண்ணிப் பார்த்தேன்.

பெப்ரவரி 20

காத்தான்குடிக்குப் போய், எனக்கு அக்கா மாதிரியான நபீஸா ராத்தாவைக் கண்டேன். முதலாளி கடைக்குப் போயிருந்தார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். ராத்தா வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தா.

"ரெட்டிப்பு விலை தாறவன் நட்டப்படவா தாறான் புள்ள? வேற ஆலை இல்லாத இடத்துல இது அவன்ட கையில போனா, நெல்லுக்கு விலை அவன்ட வாயில. மறுகா என்ட வட்டை வயல் நெல்ல நான் ஆருக்கு விக்கிற?"

பத்து நாளாக எனக்குப் பிடிபடாத கணக்கு, ராத்தாவுக்கு ஒரு வாய் வெற்றிலை! ஆலைக்குத் தருகிற காசை வயல் நெல்லில் திருப்பி எடுப்பான், அதுவும் ஒவ்வொரு போகமும்.

"முதலாளி கையெழுத்து வச்சிட்டாரே ராத்தா?"

"அவர்ட கையெழுத்து அவருக்கு. என்ட கையெழுத்து எனக்கு."

கூட்டத்துக்கு வரமாட்டா. ஆனால் தனக்குப் பதிலாக நான் வோட்டுப் போடலாம் என்று எழுதித் தந்தா. அயல் வீட்டுப் பங்குக்காரிகளிடமும் வாங்கி அனுப்புகிறாவாம்.

பெப்ரவரி 26

வள்ளத்தில் வாவியைக் கடந்து படுவான்கரை போனேன். ஆச்சிப்பிள்ளை அக்கா இலகுவில் இளகவில்லை. மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறா. "காசு வாற நேரம் வேணாமெண்டு சொல்லச் சொல்றியா?" என்று சீறினா. காசு வேண்டாம் என்று யாருக்கு நான் சொல்வது? பங்கைப் பற்றிய பேச்சை விட்டு, இந்த வருஷ லாபத்தைப் பிரிக்காமல் இரண்டாவது எஞ்சின் வாங்கினால் ஆலை எவ்வளவு நெல் குத்தும் என்று சொன்னேன். அக்கா மூலையில் இருந்த விதைநெல் மூட்டையைத் தட்டிப் பார்த்தா.

"விதைநெல்லக் குத்தித் தின்னக் கூடாதுதான். பாப்பம். நான் வாறன், ஆனா என்ட வோட்ட நானே போடுவன்."

எந்தப் பக்கம் போடுவா என்று சொல்லவில்லை.

மார்ச் 6

இவருக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி வீட்டில் சண்டையாம்.

"என்னை மனேஜராக விடக் கூடாதெண்டு நிக்கிறியா?"

"ஆலைய விடக் கூடாதெண்டு நிக்கிறன்."

"கை தூக்கினவங்கள நான் எண்ணிட்டுப் போனா ஆர் கேக்கிற? இவ்வளவு காலமும் அப்பிடித்தானே எண்ணின."

உண்மைதான். இவர் பேசாமல் எண்ணிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். நான் எழும்பிக் கத்தலாம் — புருஷனை ஊர் முன்னால் பொய்யனாக்கியா? சாப்பிடாமல் படுத்துவிட்டார். பாவம், அவருக்கும் ஆசைதானே. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வருகிறது.

மார்ச் 13

இன்று பொதுக்கூட்டம். எழுதியே ஆக வேண்டும்.

ஆலை முற்றம் நிறைய ஆண்கள். ஏஜண்டர் என் கதிரையில். நாங்கள் பெண்கள் ஓரமாக நின்றோம். முதலாளி எழும்பி, "விக்கச் சம்மதமான ஆக்கள் கையத் தூக்குங்க" என்றார். காடு மாதிரிக் கை. ஏஜண்டர் சிரித்தார்.

இவர் எண்ணவில்லை. எழும்பி நின்றார். பங்குப் பதிவேட்டைக் கையில் எடுத்தார்.

"வோட்டு பங்குக்காரருக்கு மட்டும்தான். பேர் வாசிக்கிறன். பேர் உள்ளவங்க சொல்லுங்க."

முதல் பேரே நபீஸா! முதலாளி கதிரையில் தொப்பென்று இருந்தார். நான் ராத்தாவின் கடதாசியைக் காட்டி "விக்கல்ல" என்றேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் பெண்கள். ஆச்சிப்பிள்ளை என்று வாசித்தபோது அக்கா முன்னுக்கு வந்தா.

"விக்கல்ல. எஞ்சின் வாங்குங்க!"

அத்தோடு பாதி தாண்டியது. ஏஜண்டர் கடதாசிக் கட்டைச் சுருட்டிக்கொண்டு எழும்பினார். நான் போய் என் கதிரையில் இருந்தேன். இவர் என்னைப் பார்க்காமல் கடைசிப் பேர் வரைக்கும் வாசித்து முடித்தார். என்னவோ தெரியவில்லை, இந்த மனிசனை எனக்கு இன்று அவ்வளவு பிடித்திருந்தது.

மே 3

வீட்டில் ஒரு கதிரை குறைவு. விருந்தாளி வந்தால் பாய்தான்.

பங்குக்காரிகள் தெரிந்தெடுத்த ஆறாவது பணிப்பாளராக, இன்று சபையில் எனக்கு முதற் கூட்டம். இவர் வந்தவர்களின் பேரை வாசித்தார்: "திருமதி நல்லரத்தினம்."

"அப்பிடி ஒரு பங்குக்காரி இல்லையே" என்றேன்.

முதலாளி குனிந்துகொண்டு சிரித்தார். இவர் அதை வெட்டிவிட்டு 'அன்னப்பூரணி' என்று எழுதினார், கொஞ்சம் பெரிய எழுத்தாக. பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.