மீராலெவ்வை குதிரையில் வரவில்லை

கிண்ணியா,
ஞாயிறு காலை.

அன்பு மகள் நுஸ்ரத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்களையும் மருமகனையும் பேத்தி ஸல்ஹாவையும் அந்தக் குளிர்நாட்டில் அல்லாஹ் சுகத்தோடு வைத்திருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலியைத் தவிர உடம்பில் குறையில்லை, மனதில்தான் குமட்டல். ஜவ்பரின் மகள் கலியாணத்தில் நான் சாப்பிடாமல் எழும்பி வந்ததை யாரோ உங்களுக்குச் சொல்லி, நீங்களும் "வாப்பா, ஒரு மன்னிப்புக் கேட்டிருங்கோ" என்று அழ, எனக்குக் கோபம் வந்து தொலைபேசியை வைத்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

ஜவ்பர் என் உம்மாவுடைய தம்பியின் பேரன். கொழும்பில் இருந்துகொண்டு குடும்ப மரம் வரைகிறேன் என்று திரிந்தவன், அதைப் பெரிய பேனராக அடித்துக் கலியாண மண்டபத்தில் மாட்டி, குடும்பத்தில் மூத்தவன் என்று என்னையே மேடைக்குக் கூப்பிட்டுத் திரையை இழுக்கச் சொன்னான். இழுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். உச்சியில் என் உம்மாவின் வாப்பா மீராலெவ்வை, தலைப்பாகையோடு குதிரையில் இருப்பதுபோல ஒரு படம். 1913இல் மூதூரிலிருந்து குதிரையேறி வந்து, கிண்ணியாப் பெண்ணை மணந்து தன் இல்லம் கொண்டு சென்றார் என்று அதன் கீழே எழுத்து. கிண்ணியாப் பெண்ணாம்! அவருக்கு ஒரு பெயர் இல்லை. கீழே அவர்களுடைய ஆண்பிள்ளைகள், அவர்களுடைய ஆண்பிள்ளைகள், கடைசியில் ஜவ்பர். என் உம்மா உம்மு குல்சும் இல்லை, நான் இல்லை, நீங்கள் இல்லை. அன்றைய மணப்பெண் ஆதிலா கூட அதில் இல்லை. நான் இல்லாத மரத்துக்கு என் கையாலேயே திரை இழுக்க வைத்தான். நினைக்க நினைக்க அருவருக்கிறது.

என்ன குதிரை? அந்தக் கிண்ணியாப் பெண் என் உம்மாவைப் பெற்ற அசனா உம்மம்மா. தன் கலியாணத்தை எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மாப்பிள்ளை வந்தது வள்ளத்தில். மாரிகாலம், கடல் கொந்தளித்து, மனிதர் வழிநெடுக வாந்தி எடுத்து, கலியாண உடுப்பெல்லாம் நாறி, இரண்டு பேர் தாங்கித்தான் கரையில் இறக்கினார்களாம். பெண்ணின் வாப்பா கொடுத்த பழைய சாரனை உடுத்துக்கொண்டுதான் நிக்காஹ் நடந்தது. "மாப்பிளய கடலே கழுவி அனுப்பியிருக்கு" என்று பெண்கள் பகிடி பண்ணினார்களாம். பிறகு நம் வழக்கப்படி பெண் வீட்டிலேயே இருந்து, பிள்ளைகள் பெற்று, அங்கேயே மௌத்தானார். தன் இல்லம் கொண்டு சென்றாராம்! அவருக்கு ஏது இல்லம்? எனக்குத்தான் ஏது? நான் இருப்பதும் உங்கள் உம்மாவின் வீடு, அவருக்குப் பிறகு உங்களுடையது.

பெண்கள் எங்கே என்று ஜவ்பரிடம் மேடையிலேயே கேட்டேன். "மாமா, பொம்புளயளையும் போட்டா மரம் சிக்குப்பட்டுப் போகும், வடிவா வராது" என்றான். "சரி மருமகன், உங்கட மகள்ர மாப்பிள இண்டைக்கு எங்க படுக்கப் போறார்?" என்றேன். "எங்க, மகளுக்குக் கட்டின வீட்டதான்" என்றான். "அப்ப நாளைக்கு அவர்ர ஆக்கள் மரம் வரைஞ்சா, உங்கட மகளும் பேரில்லாத கிண்ணியாப் பொண்ணுதான்" என்றேன். மைக் போட்டபடி இருந்திருக்கிறது. மண்டபமே சிரித்தது. ஆதிலா மட்டும் சிரிக்கவில்லை, அந்தப் பேனரில் மேலும் கீழும் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். கீழே ஆறு பேர் சேர்ந்துண்ணும் சகன் தட்டில் ஐந்து பேர் எனக்காகக் கைவைக்காமல் காத்திருக்க, நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஐந்து பேரிடம் மன்னிப்புக் கேட்கலாம், ஜவ்பரிடம் ஏலாது. குதிரையை அழித்து, அசனா என்ற பெயரை உச்சியில் எழுதிக்கொண்டு வரட்டும், தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன்.

ஸல்ஹாவைக் காதை மூடித் தொப்பி போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள். உங்கள் குடும்பத்துக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், என் துஆ எப்போதும் உண்டு. இவ்வளவு காலமும் என் வாப்பாவின் பெயரை முன்னால் போட்டே கையெழுத்து வைத்தேன். இனி இப்படித்தான் வைப்பேன், நீங்களும் ஸல்ஹாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அசனாவின் மகள்
உம்மு குல்சும் பெற்ற மகன்,
உங்கள் வாப்பா
சரீப்