பத்தாம் அத்தியாயத்துக் கிணறு

1989 செப்டம்பர் 3, ஞாயிறு. புளியங்கூடல்

பத்திரிகையில் என் தொடர்கதையின் ஒன்பதாம் அத்தியாயம் வந்துவிட்டது. படத்தில் கதாநாயகன் மாறனுக்கு மீசை வைத்திருக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு மீசை! பறங்கிக் கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் துரத்த, அவன் பனங்காட்டுக்குள் ஓடுவதோடு நிறுத்தியிருக்கிறேன். கோயிலடியில் என் வகுப்புப் பிள்ளைகள் மறித்து, "ரீச்சர், இனி எங்க ஒளிப்பான்?" என்று கேட்டார்கள். "அடுத்த ஞாயிறு வாசியுங்கோ" என்று பெரிய எழுத்தாளர் மாதிரி நடந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த மிதப்பு இறங்கிவிட்டது. வேலணையில் ரியூசனுக்குப் போன இரண்டு பெடியன்களை, தங்கள் படைக்கு ஆள் சேர்க்கிற இயக்கக்காரர் வான் வண்டியில் ஏற்றிப் போனார்களாம். தலையை மொட்டையடித்து, கையில் துவக்கைக் கொடுத்து, அடுத்த பிள்ளையைப் பிடிக்க அவர்களையே அனுப்புகிறார்கள். எங்கள் தம்பி இலட்சுமணனுக்குப் பதினேழு. அம்மா அவனை முற்றத்துக்கும் விடுவதில்லை.

நான் எழுதுவது முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கதை என்று பத்திரிகை ஆசிரியருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். யார் நம்புவார்கள்?

செப்டம்பர் 6, புதன்

தம்பு அண்ணையின் மகனைப் பிடித்துவிட்டார்கள். அடுத்த ஒழுங்கைதான். முகட்டில் ஒளித்திருந்தவனைக் கூரை ஓடுகளைக் கழற்றி இறக்கினார்கள். தாய் கத்தியது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது.

இனித் தம்பியை வீட்டில் வைத்திருக்க ஏலாது. அம்மா அழுதுகொண்டிருந்தா. அவனே சொன்னான்: "அக்கா, ஒரு இடம் இருக்கு. உங்களுக்கும் தெரியும்." இருள் பிரியமுதல் போய்விட்டான். பொழுதுபட்ட பிறகு வந்து சாப்பிட்டுப் போவான்.

எங்கே என்று இதில்கூட எழுதமாட்டேன். யார் கையில் அகப்படுமோ தெரியாது.

செப்டம்பர் 7

ஐயோ.

இரண்டாம் பாடம். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்னால் ஒரு பிள்ளை, "மாறன் பனையில ஏறித்தான் ஒளிப்பான்" என்கிறாள். இல்லையடி, அவன் கிணத்துக்குள்ள என்று வாய்வரை வந்தது. சோக்கட்டி கையை விட்டு விழுந்துவிட்டது.

எழுதமாட்டேன் என்று நேற்று எழுதினேனே, எழுதிவிட்டேன். போன மாதமே எழுதிவிட்டேன். கொழும்புக்காரரின் பாழ்வளவு. தண்ணீர் இறைக்கிற துலா முறிந்த கிணறு. துலாவைத் தாங்கிய பூவரசு. இறங்குவதற்குக் கல்லில் வெட்டிய படி, பாதியில் வடக்குப் பக்கம் ஓர் ஆள் முடங்கியிருக்கக்கூடிய பொந்து. எல்லாம் ஒன்று விடாமல் பத்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. சின்ன வயதில் தம்பிக்கு அந்தப் பொந்தைக் காட்டியதே நான்தான். நல்ல இடம் என்று கதைக்கு எடுத்தேன். நல்ல இடம் என்று அவனும் எடுத்திருக்கிறான்.

பஸ் நிச்சயமில்லை என்று போன கிழமை இரண்டு அத்தியாயங்களை ஒன்றாக அனுப்பியிருந்தேன். பத்தாவது இந்த ஞாயிறு வருகிறது.

செப்டம்பர் 8, வெள்ளி

லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். பண்ணைப் பாலத்தடியில் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள். பையைக் கொட்டிப் பார்த்தார்கள்.

"பத்தாம் அத்தியாயத்தைப் போட வேண்டாம் ஐயா" என்றேன்.

"ஞாயிறு மலர் நேற்றே அடிச்சாச்சு, ரீச்சர். வெளியூர்க் கட்டுகளும் பஸ்ஸில போயிட்டுது. என்ன, ஏதும் பிழையோ?"

"ஓம். பெரிய பிழை."

அந்த அறையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். எப்படிச் சொல்வேன்? ஆசிரியர் ஆறுதலாக, "ஒருத்தரும் கவனிக்க மாட்டினம், விடுங்கோ" என்றார்.

இத்தனை வருடமாக ஒருத்தரும் கவனிக்கிறார்களில்லையே என்று குமைந்தவள் நான். அவர் வாக்குப் பலிக்கட்டும் என்று வந்த வழியெல்லாம் நயினாதீவு அம்மனை மன்றாடினேன்.

செப்டம்பர் 9

தம்பியை மாற்றுவதற்கு வேறு இடமில்லை. வைக்கோற்போரைக் கம்பியால் குத்திப் பார்க்கிறார்கள். சந்தியில் எந்நேரமும் மூன்று பேர் நிற்கிறார்கள். இனசனத்திடம் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தம்பி சாப்பிட வந்தபோது சொன்னேன். சோற்றுக் கையோடு சிரித்தான். "உங்கட கதையை ஆரக்கா வாசிக்கிறாங்கள்?"

வேறு நாளென்றால் நல்லாக ஏசியிருப்பேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதவேண்டும்.

பத்து மணிபோலப் பிள்ளைகளின் சத்தம். எட்டிப் பார்த்தால், பத்திரிகையைக் கொடி மாதிரிப் பிடித்துக்கொண்டு முழு வகுப்பும் பாழ்வளவுக்குள் போகிறது. அவர்கள் வாசித்த கையோடு கிணற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! துலா முறிந்த கிணறும் பூவரசும் இந்த ஊரில் வேறெங்கே இருக்கிறது?

செருப்பில்லாமல் ஓடினேன். பூவரசில் இரண்டு பேர் பறங்கிக் காவல். ஒருத்தி கிணற்றுக்குள் குனிந்து, "மாறா! வெளியில வா! நாங்கள் உன்ர ஆக்கள்!" என்று கத்துகிறாள். கீழே சத்தமில்லை. கலையச் சொல்லிக் கத்தினேன். நானும் விளையாட்டில் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்து இன்னும் கூடக் கத்தினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். மூன்று பேர், துவக்கோடு. பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

பெரியவன் கேட்டான்: "என்ன இஞ்ச?"

அவர்களோடு ஒட்டிவந்த மூன்றாம் வகுப்புச் சிவக்கொழுந்து சொல்லிவிட்டாள். "கிணத்துக்குள்ள மாறன் ஒளிச்சிருக்கிறான்."

"கதை, தம்பி. பேப்பரில வாற கதை" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை. அவன் பத்திரிகையைப் பறித்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஆகச் சின்னவனிடம், "உள்ளுக்க பார்" என்றான்.

அவனுக்கும் மொட்டைத் தலைதான். பதினாறு இருக்குமா? கிணற்றுக் கட்டில் வைத்த இடது கையில் சுட்டுவிரல் பாதியோடு நின்றது. அவன் தெற்குப் பக்கம் போய்க் குனிந்தான். தெற்கே நின்றால் பொந்து தெரியும். கனநேரம் குனிந்தபடியே நின்றான். நான் அந்த அரை விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்க்கிறது?

"பாசியும் தண்ணியும்தான், அண்ணை."

பெரியவன் பத்திரிகையைக் கசக்கி எறிந்துவிட்டு நடந்தான். சின்னவன் அதைப் பொறுக்கி, மடித்து, சேட்டுக்குள் வைத்தான். என்னைக் கடக்கும்போது வாய்க்குள்ளே கேட்டான்:

"ரீச்சர், அவன் தப்புவான்தானே?"

ஓம் என்றேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, தெரியவில்லை.

செப்டம்பர் 11

தம்பி சொல்கிறான்: "கண்ணுக்குக் கண் பாத்தவன், அக்கா."

பார்த்தவன் சொல்லாமல் இருப்பானா? இன்றைக்குச் சொல்லவில்லை. நாளைக்கு? அடித்துக் கேட்டால்? நாய் குரைத்தால் எழும்பிப் போய் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறேன். தம்பி இன்றும் அங்கேதான். அவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போன இடம் அது ஒன்றுதான்.

செப்டம்பர் 20

ஒருவரும் வரவில்லை. பதின்மூன்றாம் அத்தியாயம் எழுதினேன். மாறனைக் கண்டும் காணாதது மாதிரிப் போகிற ஒரு ஈட்டிக்காரப் பெடியன் வருகிறான். விரல் கிரல் ஒன்றும் எழுதவில்லை. எனக்குப் புத்தி வந்துவிட்டது.

அக்டோபர் 4

மழை மூட்டம். மாரி தொடங்கினால் கிணற்றில் நீர் ஏறும், பொந்து தாழும். தம்பிராசா அண்ணையின் லொறி புகையிலைச் சிப்பம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறது. சிப்பங்களுக்கு நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விடலாமாம். "பிள்ளை தும்மாமல் இருந்தால் சரி" என்றார். சிரிக்கவா அழவா?

அக்டோபர் 6

போய்விட்டான். அம்மா திருநீறு பூசினா. நான் சோற்றுப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தேன். வாயைத் திறந்தால் கத்தியிருப்பேன்.

அக்டோபர் 11

லொறி திரும்பிவிட்டது. "சாமான் பழுதில்லாமல் போய்ச் சேந்திட்டுது, பிள்ளை." அம்மா முற்றத்திலேயே விழுந்து கும்பிட்டா. மூன்று நாளாக மழை கொட்டுகிறது. கிணற்றைப் போய்ப் பார்த்தேன். பொந்து தண்ணீருக்குள்.

நவம்பர் 19

கடைசி அத்தியாயம். ஈட்டிக்காரப் பெடியனை என்ன செய்வது? அவன் காட்டிக்கொடுக்காதது பறங்கிக் கப்பலின் தலைவன் கப்பித்தானுக்குத் தெரிந்துவிட்டது. தூக்கில் போடாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ஆசிரியரும், "அவன் செத்தால்தான் கதை நிக்கும், ரீச்சர்" என்கிறார். போட்டுவிட்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதை நினைக்க என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நவம்பர் 23

எழுவைதீவிலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தா. பெயர் மரியநாயகி. சேலைத் தலைப்பில் கதைத் துண்டுகள், ஒழுங்காக வெட்டி, மடித்து. எனக்குக் கதிரையில் இருக்கச் சொல்லவும் மறந்துபோயிற்று.

"என்ர மகன் சேத்து வைச்சது, ரீச்சர். ஆவணியில ஊர்காவற்றுறைக்கு மீன் கொண்டு வந்த இடத்தில பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அதுக்குப் பிறகு வந்ததெல்லாம் நான் வாங்கி வைச்சிருக்கிறன். வள்ளம் ஓடாததால மூண்டு கிழமை தப்பிப் போச்சு. அவன் வந்தால் கேப்பான்."

என்னிடமிருந்த பிரதிகளைக் கொடுத்தேன். மகனின் அடையாளம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"இடது கைச் சுட்டுவிரல் பாதிதான். சின்னனில வலைக்கயிறு அறுத்தது. கண்டனீங்களோ?"

ஓம் என்றால் கதை பரவும். பரவினால் அவனை என்ன செய்வார்களோ? இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கண்டனான்."

சாப்பிட்டானா, மெலிந்தானா என்று கேட்பா என நினைத்தேன். அவ என் கையைப் பிடித்தா. பிடி இறுகியது.

"ஆரின்ரயும் பிள்ளையைப் பிடிச்சவனோ, ரீச்சர்?"

"இல்லை அம்மா. ஒரு பிள்ளையை விட்டவன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

அவ அழவில்லை. நான்தான் அழுதேன்.

நவம்பர் 24

தூக்கு அத்தியாயத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். கதை பொய்யாகட்டும். இரவு ஈட்டிக்காரன் கப்பலிலிருந்து குதிக்கிறான், நீந்துகிறான். கரையில் தாய் நிற்கிறாள். ஆசிரியர் என்னவும் சொல்லட்டும்.

டிசம்பர் 6

பெடியன்களைப் பிடித்தவர்களுடைய முகாம் விழுந்துவிட்டதாம். சண்டையாம். தம்பு அண்ணையின் மகன் காலில் காயத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான். பிடிபட்ட மற்றப் பெடியன்கள் எங்கே என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறான். அரை விரல்காரனைக் கேட்டேன். அதற்கும் சுவரைத்தான் பார்த்தான்.

டிசம்பர் 17, ஞாயிறு

கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடியில் மரியநாயகி அம்மாவைக் கண்டேன். எழுவைதீவு வள்ளத்துக்குக் காத்திருந்தா. கையில் இரண்டு பத்திரிகை.

"ஒண்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பிச்சுக் கேப்பன்" என்றா. பிறகு மற்றதைத் தடவி நேராக்கினா. "இது வெட்டாமல் வைக்கப் போறன். அவன் வந்து தானே வெட்டட்டும்."

வள்ளம் வந்தது. பத்திரிகை நனையாமல் அவ ஏறுவதற்குக் கை கொடுத்தேன்.