மூடிக் கிடந்த கிணறும் விட்டுப்போன எட்டு பாட்டிலும்

என் செல்லம்மாவுக்கு,

உன் மதினி எழுதுகிறேன். நல்ல செய்திதான். நம் வீட்டுக் கிணற்றைத் திறந்துவிட்டோம்.

அதை மூடியதே உனக்குத் தெரியாதே! நீ சிறுநீரகம் கெட்டு எங்களை விட்டுப் போன பிறகு, பக்கத்துச் சாயப்பட்டறையால் தண்ணீரில் ஈயம் கலந்திருக்குமோ என்று தெருவே பயந்தது. மாதம் ஒரு பாட்டிலாக, ஒரு வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் சோதனைக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினோம். பன்னிரண்டில் நாலுக்குத்தான் எண் வந்தது. மற்ற எட்டுக்கும் ‘கருவி காட்டும் அளவுக்குக் கீழே’ என்று எழுதியிருந்தார்கள். தெருச் சங்கத்துச் செயலாளர் அந்த எட்டையும் விட்டுவிட்டு, நாலை மட்டும் கூட்டி நாலால் வகுத்தார். சராசரி, குடிக்கிற தண்ணீருக்கு வைத்திருக்கிற எல்லையைத் தாண்டிவிட்டது.

“எண்ணே இல்லாததை எப்படி ஆச்சி கூட்டுறது?” என்றார். அஞ்சாம் வகுப்புக்காரி நான் அதை நம்பினேன். தகரம் போட்டு மூடினோம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. “ஒங்க குழம்புக் காரத்துக்கு இம்புட்டுத் தண்ணியும் காணாது மதினி” என்று கேலி பேசிக்கொண்டே தினமும் குடத்தோடு வருவாயே. இறைத்து ஊற்றியது இந்தக் கை. உன்னை அனுப்பி வைத்தது நானா செல்லம்மா?

போன வாரம் என் பேத்தி வசந்தி லீவுக்கு வந்தாள். மதுரையில் புள்ளியியல் படிக்கிறாள். அந்தச் சோதனை முடிவுத் தாளைப் பார்த்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

“ஆச்சி, விறகுக்கடைத் தராசுல நாலு மிளகு வச்சா முள்ளு அசையுமா?”

“அசையாது.”

“அப்ப மிளகே இல்லைன்னு சொல்லலாமா?”

“கண்ணு முன்னால கெடக்கேட்டி!”

“கிலோக் கணக்குல இருக்குன்னு சொன்னா?”

“போக்கத்தவளே, அம்புட்டு இருந்தா முள்ளு சும்மா நிக்குமா?”

“அதான் ஆச்சி. எம்புட்டுன்னு தெரியாது, இதுக்கு மேல இல்லைன்னு தெரியும். அதுவும் ஒரு விவரந்தான. அதைத் தள்ளிட்டு, கூடினதை மட்டும் எண்ணுனா சராசரி ஏறத்தான செய்யும்!”

அந்த எட்டுக்கும் முதலில் பூஜ்யம் போட்டுக் கூட்டினாள். பொறவு, கருவி காட்டும் குறைந்த அளவையே முழுசாகப் போட்டுக் கூட்டினாள். நிசம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியுமாம். பெரிய கணக்கே எல்லைக்கு நன்றாகக் கீழே நின்றது.

நான் அழுதேன். அவள் பொய்யாகத் தேற்றுகிற பிள்ளையில்லை. “எண் வந்த நாலும் கெணறு வத்துன கோடை மாசம். அப்ப குடிக்காதீய. செல்லம்மா ஆச்சிக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு இதை வச்சுச் சொல்ல ஏலாது. ஆனா ஒங்க தண்ணிதான் காரணம்னு இந்தத் தாள் சொல்லல ஆச்சி.”

எனக்கு அது போதும். அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வசந்தியின் கணக்கைப் பார்த்துவிட்டுத் தகரத்தைத் தூக்க வந்த செயலாளரிடம், “எம் பேத்திகிட்ட வகுத்தல் படிச்சிட்டுப் போங்க” என்றேன். சிரித்துவிட்டார், பாவம்.

முதல் குடத்தை உன் வாசல் செம்பருத்திக்கு ஊற்றினேன். கோடையில் கயிற்றைத் தொடமாட்டேன். மாதாமாதம் பாட்டில் போகும். வருகிற தாளில் எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பாட்டிலையும் விடாமல் எண்ண வைப்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் குடத்தை நிறைத்துக் கொடுத்த கைதான் இனி அந்தப் பாட்டிலையும் நிறைக்கும்.

உன் அண்ணன் பெண்டாட்டி,
ராஜபாளையத்திலிருந்து காந்திமதி