தண்ணீர் குடிக்கச் சொல்லும் வரி

நவம்பர் 12, செவ்வாய்

பண்டாரவளை கிளினிக்கில் கொடுத்த முதியோர் நலக் கையேட்டை இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருக்கும் வயதான பெண்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். "தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்" என்ற வரிக்கு வந்ததும் மாரியாயி பெரியம்மா சிரித்துவிட்டார். கொழுந்து பறித்தே வயதானவர். சிறுநீரகக் கோளாறு என்று போன மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவரும் அவர்தான்.

"மலையில கக்கூசு ஏது புள்ள? காலையில ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சா, வீடு வர்ற வரைக்கும் ஒண்ணும் குடிக்க மாட்டோம். அதுவே பழகிப்போச்சு."

"இப்பதான் வீட்டுலயே இருக்கீங்களே, பெரியம்மா?"

"வீட்டுல இருந்தாலும் கக்கூசு படிக்குக் கீழதானே இருக்கு. மழையில வழுக்கி விழுந்தா யாரு தூக்குறது?"

மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். இந்தக் கையேட்டை எழுதியவர் ஒருநாளாவது அந்தப் படியில் இறங்கியிருப்பாரா? கையேட்டை மூடி வைத்தேன்.

என் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான். சாப்பாட்டோடு நான் வைக்கும் தண்ணீரில் உதட்டை மட்டும் நனைத்துவிட்டுத் தள்ளி வைப்பாள். குளிரான ஊர், தாகம் இருக்காது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இன்று சாப்பிடும்போது கேட்டேன்.

"தாகமா இருக்காம்மா?"

"தாகம் எப்பவும்தான் இருக்கும்" என்றாள்.